ஜாகின்ஸ் கடற்கரையில் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாதாம், அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

மணல்வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் குடும்பத்தோடு கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஜாகின்ஸ் என்ற இடத்துக்குப் போயிருந்தோம், ஹாலிஃபாக்ஸிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம். ஃபண்டி விரிகுடாவை ஒட்டிய சின்ன ஊர். கடலோரமாக நீளமான செங்குத்துப் பாறை, அதற்குக் கீழே கல்லும் சேறுமாகக் கரை. யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால் முதல் பத்து நிமிடம் எனக்கு அது சும்மா ஒரு சாம்பல் நிறக் கரையாகத்தான் தெரிந்தது.

என் மகனுக்கு ஒன்பது வயது. கடல் வற்றியிருந்த நேரம் என்பதால் எல்லோரும் கீழே இறங்கி நடந்தோம். அவன் கைக்கு அடக்கமாக ஒரு கருஞ்சாம்பல் கல்லை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான், அதன்மேல் சாய்சதுரம் சாய்சதுரமாக, அன்னாசிப்பழத் தோல் மாதிரி அச்சு. கூட வந்த வழிகாட்டிப் பெண் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இது 31 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரு மரத்தின் பட்டை என்று பொறுமையாகச் சொல்லி, கல்லோடு அவனைப் படமெடுத்துக் கொடுத்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடு என்றார். வைத்துவிட்டான். ஆனால் காரில் ஏறிய பிறகு வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "கடல் எப்படியும் அந்தக் கல்லை உடைச்சிடும்தானே அப்பா, அப்போ நான் எடுத்தா என்ன?"

என்னிடம் பதில் இல்லை. சட்டம் அப்படி என்று சொல்லி வாயை அடைக்க எனக்கு மனமில்லை. நிலவியல் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், இந்த இடம் அறிவியலுக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? டைனோசர் எலும்பு எதுவும் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். பிறகு மரப்பட்டைக்கு ஏன் இத்தனை காவல்?

அடுக்குப்பாறை எழுதியது:

வணக்கம் மணல்வீடு. நான் திருச்சியில் நிலவியல் படித்து, பிறகு பல வருடம் நிலக்கரி ஆய்வு வேலையில் இருந்தவன். ஜாகின்ஸுக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அந்த ஒரு நாளை இன்னும் மறக்கவில்லை. உங்கள் மகன் கேட்டது நல்ல கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டைனோசர் ஏன் இல்லை என்றால், அந்தப் பாறை உருவாகி ஏறத்தாழ எட்டுக் கோடி ஆண்டு கழித்துத்தான் டைனோசர்களே வந்தன. அப்போது நோவா ஸ்கோஷியா நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வெப்பமான சதுப்புக் காடு. நீங்கள் இன்று பார்க்கும் மரம் எதுவும் அந்தக் காட்டில் கிடையாது, பூவே கிடையாது. உங்கள் மகன் எடுத்தது பெரும்பாலும் லெபிடோடென்ட்ரான், சாய்சதுர அச்சு ஒவ்வொன்றும் ஓர் இலை உதிர்ந்த தழும்பு. முப்பது மீட்டர் வரை வளர்ந்த மரம் அது. அதன் உறவினர்கள் இன்றைக்கு மலைக்காடுகளில் நம் முழங்காலைக்கூடத் தொடாத சின்னச் செடிகளாக இருக்கின்றன.

சரி, அந்தக் காலத்து நிலக்கரிப் பாறை உலகத்தில் பல இடங்களில் இருக்கிறதே, இது மட்டும் ஏன்? பாறையில் மரங்கள் நிற்கின்றன என்பதுதான் காரணம். விழுந்து கிடக்கவில்லை, நிற்கின்றன, வேரோடு, முளைத்த மண்ணிலேயே. ஒரு காடு வளர்கிறது, வெள்ளம் மணலையும் சேற்றையும் கொண்டுவந்து அடிமரத்தை மூடுகிறது, அதற்கு மேலே இன்னொரு காடு வளர்கிறது, அதையும் மூடுகிறது. இப்படித் திரும்பத் திரும்ப.

இவ்வளவு வேகமாக மூட வேண்டுமென்றால் நிலம் தாழ்ந்துகொண்டே போக வேண்டும், இல்லையென்றால் வண்டல் சேர இடமே இருக்காது. அங்கே நடந்தது என்னவென்றால், அடியில் முன்பொரு கடல் வற்றிப்போய் விட்ட கனத்த உப்புப் படுகை இருந்தது. மேலே பாரம் ஏற ஏற உப்பு பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. ஈரக் களிமண்மேல் செங்கல்லை வைத்து அழுத்தினால் ஓரத்தில் பிதுங்குமே, அப்படி. உப்பு விலக விலக மேலே இருந்த சதுப்பு நிலம் தாழ்ந்தது, மரம் மட்கி விழுவதற்குள் வண்டல் வந்து மூடியது. எனக்கு இந்த இடத்தைப் பற்றித் தெரிந்ததிலேயே மிகவும் பிடித்த விஷயம் இந்த உப்புக் கதைதான்.

பிறகு அந்த அடுக்குகள் முழுவதும் சாய்ந்துவிட்டன, தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 20 டிகிரி. அதனால் நீங்கள் ஏணி வைத்து ஏற வேண்டியதில்லை, கரையோரமாகத் தெற்கே நடந்தாலே பழைய அடுக்கிலிருந்து புதிய அடுக்குக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட கரையின் நீளம் 14.7 கிலோமீட்டர். அது சுமார் 1.5 கோடி ஆண்டுக்கால வண்டல், ஒன்றன்மேல் ஒன்றாக. 1843இல் வில்லியம் லோகன், கனடாவின் நிலவியல் அளவைத் துறை ஆரம்பித்த உடனே, முதல் வேலையாக இந்தக் கரைக்கு வந்து ஒவ்வோர் அடுக்காக அளந்தார், மொத்தம் 14,500 அடிக்கு மேல். ஒவ்வொரு நிலக்கரிப் படுகைக்கும் அடியில் வேர் ஓடிய களிமண் இருக்கிறதா என்று பார்த்தார். அந்தக் காலத்தில் நிலக்கரி எப்படி உண்டானது என்பதே பெரிய சண்டை, எங்கிருந்தோ அடித்து வந்த மரக்குப்பையா, அங்கேயே வளர்ந்து அங்கேயே மக்கியதா என்று. வேர் அதே இடத்தில் இருந்தால் வேறு பதில் தேவையில்லை அல்லவா.

அப்புறம் 1852. சார்லஸ் லயலும் வில்லியம் டாசனும் சேர்ந்து வந்தார்கள். லயல் அப்போதே உலகப்புகழ் பெற்ற நிலவியலாளர், டாசன் நோவா ஸ்கோஷியாவிலேயே பிறந்தவர். நின்ற மரம் ஒன்றின் உள்ளே நிரம்பியிருந்த பாறையை உடைத்துப் பார்த்தபோது சிறு எலும்புகளும் ஒரு தரைநத்தையின் ஓடும் கிடைத்தன. இந்த மரங்களின் உள்பகுதி மென்மையானது, பட்டைதான் உறுதி. அடிமரம் புதைந்த பிறகு உள்ளே அழுகிப் பொந்தாகிவிடும், சின்னப் பிராணிகள் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். பொந்து வண்டலால் நிரம்பிப் பாறையாகும். பிராணிகள் தவறி விழுந்தனவா, குடியிருக்கவே உள்ளே போயினவா என்பது இன்றைக்கும் பேசப்படுகிற விஷயம், சில அடிமரங்களில் கரித்துண்டு இருப்பதால் காட்டுத்தீக்குப் பயந்து ஒளிந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

1859இல் டாசன் அப்படி ஒரு மரத்துக்குள் கண்டெடுத்ததுதான் ஹைலோனோமஸ் லயலி, லயலின் பெயரையே வைத்தார். ஒரு சாண் நீளம், பார்த்தால் ஓணான் மாதிரி இருந்திருக்கும். அதன் எலும்பு ஊர்வன வகையைச் சேர்ந்தது, நமக்குக் கிடைத்த ஊர்வன எலும்புக்கூடுகளில் ஐயமில்லாமல் மிகப் பழையது. அது என்ன பெரிய விஷயம் என்றால், தவளை இனம் முட்டையிடத் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். ஊர்வன அப்படி இல்லை, உறைக்குள்ளேயே தண்ணீரை வைத்துக்கொண்டு முட்டை தரையில் பிழைக்கும். பாம்பு, ஆமை, கோழி, நீங்கள், நான், எல்லோரும் அந்த ஏற்பாட்டின் வழி வந்தவர்கள்.

இப்போது மகனின் கேள்வி. அந்த ஓணானை யாரோ ஒருவர் எடுத்து மேசைமேல் வைத்து, எங்கே கிடைத்தது தெரியாது என்று சொல்லியிருந்தால், அது ஒரு பழைய எலும்பு, அவ்வளவுதான். எந்த அடுக்கு, எந்த மரத்துக்குள், கூட யார் இருந்தார்கள், அடியில் நிலக்கரியா மணலா, இதெல்லாம் தெரிந்ததால்தான் அது ஒரு காட்டின் செய்தியாகிறது. கீழடியில் ஒரு பானை ஓட்டை ஏன் ஆழம் குறித்துக் குறித்து எடுக்கிறார்கள்? அதேதான். ஓடு எல்லா ஊரிலும் கிடைக்கும், அந்த ஆழம் கிடைக்காது.

அவன் எடுத்த கல் கீழே விழுந்து கிடந்தது, பாதி முகவரியைத் தொலைத்துவிட்டது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாறையிலிருந்து விழுந்த துண்டு பெரும்பாலும் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் கிடக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆய்வாளர்கள் தலையை உயர்த்தி மேலே எந்த அடுக்கு என்று தேடுகிறார்கள். நோவா ஸ்கோஷியாவில் 1980லிருந்து இதற்கென்றே சட்டம் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் ஜாகின்ஸில் மட்டுமல்ல, அந்த மாகாணத்தில் எங்கேயும் புதைபடிவத்தை எடுக்க முடியாது.

பனையோலை எழுதியது:

அடுக்குப்பாறை ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் ஊர்ப்பக்கம் திருவக்கரை நினைவுக்கு வந்தது. நான் விழுப்புரம் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியை, வருடா வருடம் பிள்ளைகளை அங்கே கல்மரப் பூங்காவுக்கு அழைத்துப் போவேன். அங்கே கல்லான மரங்கள் எல்லாமே படுத்துத்தான் கிடக்கின்றன. கிளை இல்லை, இலை இல்லை, வேர் இல்லை. பிள்ளைகள் "டீச்சர், வேர் எங்கே?" என்று கேட்பார்கள். வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து இங்கே போட்டுவிட்டது, வேர் வளர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது என்று சொல்லுவேன். அதாவது திருவக்கரையில் நமக்கு மரம் கிடைத்திருக்கிறது, காடு கிடைக்கவில்லை. ஜாகின்ஸில் காடே கிடைத்திருக்கிறது என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் ஒரு கல்மரம் இருக்கிறது, 18 மீட்டர் நீளம். அதைச் சுற்றி இருப்பது கடற்பாறை, கடல் உயிர்களின் ஓடுகள். தரையில் வளர்ந்த மரம் கடலுக்குள் போய்ப் புதைந்திருக்கிறது. இதுவும் இடத்தைப் பார்த்ததால் தெரிந்த சேதிதானே, மரத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டு போய் ஓர் அருங்காட்சியக முற்றத்தில் போட்டிருந்தால் கடல் அங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியப்போகிறது.

மணல்வீடு, தம்பி கல்லைத் திரும்ப வைத்தானே, அதைக் கட்டாயம் பாராட்டுங்கள். ஒன்பது வயதில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அலைவாய் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப்போகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் இங்கிலாந்தில் தெற்குக் கரைப்பக்கம் இருக்கிறேன், லைம் ரீஜிஸ், சார்மத் எல்லாம் வார இறுதியில் போகிற தூரம். 2001லிருந்து உலகப் பாரம்பரியக் கரை, அறிவியலில் ஜாகின்ஸுக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை, 18.5 கோடி ஆண்டு வரலாறு அந்தப் பாறையில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் கரையில் விழுந்து கிடக்கும் அம்மோனைட்டை, அதாவது சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரின் படிவத்தை, தாராளமாக எடுத்துக்கொண்டு போகலாம். பாறையைத் தோண்டக் கூடாது, முக்கியமான பொருள் கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான் விதி.

அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் மணல்வீடு மகன் சொன்னதேதான். எடுக்காவிட்டால் அடுத்த புயலில் கடல் அரைத்துத் தூளாக்கிவிடும், அப்போது அறிவியலுக்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. மேரி ஆனிங் யார்? பள்ளிக்கூடம் சரியாகப் போகாத தச்சன் மகள். கரையில் கல் பொறுக்கி விற்றுப் பிழைத்த குடும்பம். 1811இல் அவள் அண்ணன் ஒரு மண்டையோட்டைப் பார்த்தான், அடுத்த வருடம் அவள் மீதி உடலைக் கண்டுபிடித்தாள், இக்தியோசர். 1823இல் முழு பிளீசியோசர். இரண்டும் பழங்காலக் கடல் ஊர்வன. பொறுக்காதே என்று அன்றைக்கு ஒரு சட்டம் இருந்திருந்தால் அது இரண்டுமே கடலுக்குள் போயிருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் ஏழு வயதில் சார்மத்தில் எடுத்த ஒரு சின்ன அம்மோனைட்டை இன்னும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான், இப்போது கல்லூரியில் நிலவியல் படிக்கிறான். பிள்ளையின் கையில் ஒரு கல் இருப்பதும் அறிவியலுக்குச் செய்கிற தொண்டுதான் என்பது என் எண்ணம்.

அடுக்குப்பாறை எழுதியது:

அலைவாய், கோபமெல்லாம் இல்லை, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சார்மத்தில் அந்த விதி சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். அங்கே பாறை மிருதுவான கடற்சேறு, மழைக்காலத்தில் சரிந்து சரிந்து விழுகிறது, அம்மோனைட் மாதிரி ஒரு ஜாதி ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது, அது எந்த அடுக்கில் இருக்கும் என்பதும் ஏற்கெனவே நன்றாகத் தெரியும். ஆகவே ஒரு கல் போனால் கெடுதல் குறைவு. தவிர, இருநூறு வருடமாகப் பொறுக்குபவர்களும் அருங்காட்சியகங்களும் ஒருவரையொருவர் அறிந்து வாழ்கிற ஊர் அது.

ஜாகின்ஸ் வேறு ரகம். அங்கே மதிப்பு ஓர் உயிரின் அழகான உடலில் இல்லை, யார் யாரோடு எங்கே வாழ்ந்தார்கள் என்பதில்தான். இதுவரை அங்கே 148 வகை உயிர்களின் எச்சங்களும் 20 வகைக் காலடித் தொகுப்புகளும் பதிவாகியிருக்கின்றன. கழிமுக விரிகுடா, மழைக்காடு, தீப்பிடிக்கும் உலர்காடு என்று மூன்று விதமான நிலம் அதே பாறையில் மாறி மாறி வருகிறது. இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான மரவட்டை அந்தக் காட்டில் ஊர்ந்திருக்கிறது, ஆர்த்ரோப்ளூரா என்று பெயர். அது அங்கே விட்டுப்போனது என்ன தெரியுமா, இரண்டு வரிசைக் கால்தடம், ரயில் தண்டவாளம் போல. பாறையின் மேற்பரப்பில் வெறும் குழிகள். தெரியாதவன் அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவான்.

இன்னொன்று சொல்கிறேன், இதை மகனுக்கும் சொல்லுங்கள். அந்த ஊரைச் சேர்ந்த ஒருவர் கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கல்லில் மிகச் சிறிய கீறல்களைப் பார்த்தார். ஆய்வு செய்து 2012இல் வெளியிட்டார்கள், அவை ஒரு குட்டி நீர்நில வாழ்வனவின் காலடிகள், அந்தப் பிராணியின் நீளமே 8 மில்லிமீட்டர்தான் இருந்திருக்கும். ஓர் அரிசிமணி அளவு. முன்காலடி 1.6 மில்லிமீட்டர், பின்காலடி 2.4. முதுகெலும்புள்ள பிராணியின் காலடிகளில் அதைவிடச் சிறியது அதுவரை யாரும் கண்டதில்லை. அந்தக் கல்லை யாராவது தட்டையாக அழகாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டு போய் மீன்தொட்டியில் போட்டிருந்தால்? எது சாதாரணம், எது அரியது என்று பார்த்தவுடன் எனக்கே தெரியாது, படித்த எனக்கே. அதனால்தான் எல்லாவற்றையும் விட்டுவிடு, ஆனால் பார்த்ததை வந்து சொல் என்று விதி வைத்திருக்கிறார்கள். தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் சொன்னதால் அந்தக் குட்டிக்காலடி நமக்குக் கிடைத்தது.

இதைவிடக் கண்டிப்பான இடமும் கனடாவிலேயே இருக்கிறது, நியூஃபவுண்ட்லாந்தில் மிஸ்டேக்கன் பாயின்ட். வழிகாட்டி இல்லாமல் பாறைப் பக்கமே விட மாட்டார்கள், கோயிலுக்குள் போவது போல வெளியே காலணியைக் கழற்றிவிட்டு மெத்தென்ற உறை போட்டுக்கொண்டுதான் அந்தப் பாறைமேல் கால் வைக்க முடியும். 56 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட கடலடி அது.

பிள்ளையின் கையில் கல் இருக்க வேண்டும் என்றீர்களே, அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அலைவாய். அந்த விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும்.

நெய்தல் எழுதியது:

இரண்டு சந்தேகம். ஒன்று, உலகின் மிகப் பழைய ஊர்வன அது இல்லை, ஆஸ்திரேலியாவில் அதைவிடப் பழையது கிடைத்துவிட்டது என்று எங்கோ படித்தேன், அப்படியானால் ஜாகின்ஸின் முக்கியத்துவம் போய்விட்டதா? இரண்டாவது, நான் தூத்துக்குடிக்காரன், கடலரிப்பு என்றால் என்ன என்று நேரில் பார்த்தவன். இவ்வளவு விலைமதிப்பில்லாத பாறை என்றால், கடல் தின்னாமல் ஏன் அங்கே கல் கொட்டி ஒரு தடுப்புச் சுவர் கட்டவில்லை?

அடுக்குப்பாறை எழுதியது:

நெய்தல், நல்ல இடத்தில் பிடித்தீர்கள்.

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில், நகமுள்ள காலடித் தடங்கள் கிடைத்தன, 2025இல் வெளியானது. ஏறத்தாழ 35.5 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நகம் என்பது ஊர்வன வழியினரின் அடையாளம், ஆகவே அந்த வழி நாம் நினைத்ததைவிட மிகப் பழையது என்கிறார்கள். ஆனால் அது தடம். எலும்புக்கூடு என்று பார்த்தால் ஹைலோனோமஸ் தன் இடத்தில்தான் இருக்கிறது. நாளைக்கே எலும்பும் வேறெங்காவது கிடைத்தால்? கிடைக்கட்டும். "முதல்" என்ற பட்டத்துக்காக மட்டும் ஜாகின்ஸ் முக்கியம் என்று நினைத்தால் இடத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். அந்த ஓணான் எந்த மரத்துக்குள் இருந்தது, அந்த மரம் எந்தச் சேற்றில் நின்றது, பக்கத்தில் எந்த நத்தை ஊர்ந்தது, இது வேறெங்கும் இவ்வளவு முழுமையாக இல்லை. டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றி எழுதிய நூலில் இந்தக் கரையைச் சொல்கிறார், லயலும் டாசனும் 1,400 அடி கனத்தில் 68 வெவ்வேறு மட்டங்களில் வேர் ஓடிய அடுக்குகளைக் கண்டார்கள் என்று. 68 முறை மண் சேர்ந்து, 68 முறை வேர் பிடித்து. பூமிக்கு எவ்வளவு காலம் கையில் இருந்தது என்று காட்ட அந்த எண் ஒன்று போதும்.

இனி சுவர். தூத்துக்குடியில் கரைக்குப் பின்னால் வீடு இருக்கிறது, அதனால் சுவர் தேவை. ஜாகின்ஸில் அரிப்புத்தான் வேலை செய்கிறது. அந்த விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் பத்து மீட்டருக்கு மேல் வித்தியாசம், உலகத்திலேயே பெரிய ஓதம் அங்கேதான். தினம் இரண்டு முறை வந்து பாறையின் அடியைத் தின்கிறது, பனிக்காலத்தில் உறைந்து விரிந்து உடைகிறது. லயல் பார்த்த மரங்கள் இப்போது இல்லை, கடலுக்குள் போய்விட்டன. அவற்றுக்குப் பின்னால் இருந்த மரங்கள் வெளியே வந்திருக்கின்றன. சுவர் கட்டினால் நாளடைவில் பாறைமேல் புல் முளைக்கும், சரிவு மண் மூடும், பிறகு அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது. இங்கே காப்பது என்றால் கடலைத் தடுக்காமல் இருப்பது, கடல் திறந்து காட்டுகிற நேரத்தில் யாராவது பார்த்துக் குறித்துக்கொள்ள இருப்பது. மணல்வீடு மகன் கேட்ட கேள்விக்கு நான் முதலில் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆமாம் தம்பி, அந்தக் கல்லைக் கடல் உடைத்துவிடும். அது உடைகிற அந்த நாட்களுக்குள் அந்தப் பக்கம் நடக்கிற எல்லோரும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போயிருந்தால், ஆய்வாளர் வரும்போது கரை துடைத்து வைத்த மாதிரி இருக்கும், மேலே என்ன புதிதாகத் திறந்திருக்கிறது என்று சொல்ல ஒரு துண்டுகூட இருக்காது.

மணல்வீடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகனை மடியில் உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன், எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்தி. உப்பு பிதுங்கியதை அவன் இட்லி மாவில் செய்து பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து அம்மாவிடம் திட்டு வாங்கினான். பனையோலை டீச்சர், நீங்கள் பாராட்டச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டான்.

8 மில்லிமீட்டர் என்பதை அளவுகோலில் காட்டச் சொன்னான். காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழிகாட்டி எடுத்துக் கொடுத்த படத்தைப் பெரிதாக்கி, தன் கல்லின் ஓரத்தில் ஏதாவது கீறல் தெரிகிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அலைவாய் சொன்ன மாதிரி கையில் ஒரு கல் இல்லையே என்ற குறை அவனுக்கு இருக்கத்தான் செய்கிறது, எனக்கும் இருக்கிறது. அடுத்த வருடம் விடுமுறையில் இங்கிலாந்தில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போகிறோம், சார்மத்துக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அதற்கு முன்னால் அவனுக்கு ஜாகின்ஸுக்கு இன்னொரு தடவை போக வேண்டுமாம், இந்த முறை நின்ற மரத்தைக் கண்ணால் பார்க்க. போன தடவை அவ்வளவு நடந்தும் எங்கள் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அடுக்குப்பாறை அண்ணா, எந்த நேரத்தில் இறங்கினால் நல்லது?

அடுக்குப்பாறை எழுதியது:

முதலில் ஓத நேர அட்டவணையைப் பாருங்கள், கடல் நன்றாக வற்றுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்குங்கள், ஏற ஆரம்பித்ததும் திரும்பிவிடுங்கள். அந்தக் கரையில் தண்ணீர் ஏறும் வேகத்தை நம்ம ஊர்க் கடலோடு ஒப்பிடவே கூடாது, பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பாறையடியில் நிற்க வேண்டாம், கல் விழும். சேற்றுக்குப் பழைய பூட்ஸ் போதும். பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் ஜாகின்ஸ் புதைபடிவ மையத்தைக் கட்டியிருக்கிறார்கள், அங்கே கேட்டால் இந்த மாதம் எந்த மரம் வெளியே தெரிகிறது என்று சொல்வார்கள், அது மாறிக்கொண்டே இருக்கும்.

மரத்தைத் தேடும்போது மரத்தைத் தேட வேண்டாம். பாறையில் அடுக்குகள் எல்லாம் சாய்ந்த கோடுகளாக ஓடும், அந்தக் கோடுகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தூண் தெரிகிறதா என்று பாருங்கள், மணல் நிறத்தில், ஓர் ஆள் உயரமோ கொஞ்சம் கூடவோ. நிலமே சாய்ந்துவிட்டதால் மரமும் லேசாகச் சாய்ந்திருக்கும். அடியில் கருப்பாக ஒரு கோடு இருந்தால் அது நிலக்கரி. அதற்குக் கீழே களிமண்ணில் வேர்.